பேரப்பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது

பாக்டீரியா கிருமியால் காதிலோ தொண்டையிலோ தொற்று வந்த பிள்ளைக்கு டாக்டர் ஆன்டிபயாட்டிக் சிரப் தருகிறார். பெற்றோர் வேலைக்குப் போனபின், பகல் வேளை மருந்து உங்கள் பொறுப்பு.

சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு கரண்டியைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. மருந்தாளர் கொடுத்த சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். மில்லிலிட்டர் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையா? அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தரும்படி மருந்தாளரிடம் கேளுங்கள், பலரும் கேட்பதுதான்.

ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காவிட்டால் முதலில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போகும். சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்து மெதுவாகச் செலுத்துங்கள். பால் புட்டியில் கலக்க வேண்டாம். பிள்ளை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் வீணாகும்.

காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதா என்று புட்டியில் ஒட்டிய தாளைப் பாருங்கள்: கலக்கிய அமோக்சிசிலின்-கிளாவுலனேட்டை வைக்கவேண்டும், கிளாரித்ரோமைசினை வைக்கக்கூடாது. மிஞ்சியதைத் தம்பி தங்கைக்கு எடுத்துவைக்காதீர்கள்.

முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே 995ஐ அழையுங்கள்.