குளிர்காலம் இல்லாத ஊரில் இலை ஏன் சிவக்கிறது?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? கடலோரப் பாதையில், மாடி மாடியாகக் கிளை விரித்து நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் கெத்தாப்பாங், தமிழில் நாட்டு வாதுமை. பல மாதங்கள் பச்சையாக நிற்கும் அந்த மரத்தின் பெரிய இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் நல்ல சிவப்பாகிப் பாதையெங்கும் கொட்டிக் கிடக்கும்.

ஜப்பானில் இதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் மலைப்பாதைகளில் நடக்கிறார்கள். அதற்கு ‘மொமிஜிகாரி’ என்று பெயர். சிவந்த இலைகளைத் தேடிப் போவது என்று பொருள். செப்டம்பர் இறுதியில் வடக்கே ஹொக்கைடோவில் தொடங்கும் நிறமாற்றம், மெல்லத் தெற்கே இறங்கி நவம்பரில் கியோத்தோவை அடைகிறது. அங்கே குளிர் வருகிறது, பகல் குறைகிறது, இலை சிவக்கிறது. நமக்கோ ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். பிறகு எப்படி நம் ஊர் மரத்திலும் அதே நிறம்?

மஞ்சள் முன்பே இருந்தது

இலை பச்சையாகத் தெரியக் காரணம் பச்சையம் என்று படித்திருக்கிறீர்கள். சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் அது அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அதே இலையில் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. பச்சையம் மிகுதியாக இருக்கும்வரை அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சையம் சிதைந்து குறையும்போது மஞ்சள் வெளிப்படுகிறது.

சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி பெரும்பாலும் இலையின் கடைசி நாள்களில் புதிதாக உண்டாக்கப்படுகிறது. அதற்கு இலையில் உள்ள சர்க்கரை செலவாகிறது. விழப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு?

மரம் போடும் கணக்கு

ஒரு பச்சைய மூலக்கூற்றில் 4 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களில் அதைவிட அதிக நைட்ரஜன் இருக்கிறது. மண்ணிலிருந்து அரும்பாடுபட்டு உறிஞ்சிய சத்து அது. இலையோடு சேர்த்து அதைத் தரையில் போட்டுவிட்டால் மரத்துக்கு நட்டம். ஆகவே இலையை உதிர்ப்பதற்கு முன், மரம் அந்தப் புரதங்களை உடைத்து, நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சராசரியாக ஏறக்குறையப் பாதி நைட்ரஜனை மரங்கள் இப்படி மீட்கின்றன. அடுத்த தளிர் அந்தச் சேமிப்பில்தான் வளர்கிறது.

இந்த வேலை நடக்கும்போது இலை பலவீனமான நிலையில் இருக்கிறது. படும் ஒளியை முழுமையாகப் பயன்படுத்த அதனால் முடியாது. மிஞ்சும் ஒளி செல்களைக் கெடுத்துவிடலாம். சிவப்பு நிறமி அந்த ஒளியைத் தடுக்கும் குடையாக இருந்து, சத்தை மீட்டு முடிக்க அவகாசம் தருகிறது என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

இதற்கிடையில் இலைக்காம்பின் அடியில் உதிர்தல் அடுக்கு உருவாகிறது. செல்களுக்கு இடையிலான பிணைப்பு அங்கே தளர்கிறது. சிறு காற்று அடித்தாலும் இலை கழன்றுவிடும்.

ஒரு சான்று: புயல் மழையில் முறிந்து தொங்கும் கிளையைக் கவனியுங்கள். அதன் இலைகள் அழகாக மஞ்சளாவதில்லை, சிவப்பதுமில்லை. பழுப்பாகக் காய்ந்து, கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். திடீரென உயிர் போன இலையால் கணக்கு முடிக்க முடியவில்லை. ஆக, இலை சிவப்பதும் உதிர்வதும் உயிருள்ள இலை செய்யும் வேலைகள்.

கடிகாரம் எங்கே?

ஜப்பானில் மரத்துக்கு நாள்காட்டி, பகலின் நீளம். தோக்கியோவில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம். டிசம்பரில் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 9 நிமிடம்தான்.

நம் வட்டாரத்தில் வறட்சி பெரிய பங்கு வகிக்கிறது. மழை குறைந்தால், இலை வழியே நீரை இழப்பது மரத்துக்குப் பாரம். கெத்தாப்பாங் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை இலை உதிர்க்கிறது. ஆனால் எல்லா மரங்களும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை. ஒன்று சிவந்து நிற்க, பக்கத்து மரம் பச்சையாகவே இருக்கும். நம் ஊரில் மலை முழுவதும் ஒரே நேரத்தில் சிவக்காததற்கு இது ஒரு காரணம்.

பால்மரத்தின் பஞ்ச மாதம்

மலேசியாவில் இலையுதிர்வை வயிற்றால் உணர்ந்தவர்கள் பால்மரம் சீவுவோர். அமேசான் காட்டைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. இந்த மரம் ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில், பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், இலைகளைக் கொட்டிவிடும். மழைக்குறைவு தெளிவாகத் தெரியும் கெடா, பெர்லிஸ் போன்ற வடமாநிலங்களில் தோட்டமே மொட்டையாக நிற்கும்.

ரப்பர் பால் மரத்தின் சர்க்கரையிலிருந்து உண்டாவது. இலை இல்லையென்றால் புதிய சர்க்கரை இல்லை. இருக்கும் சேமிப்பும் தளிர் விடவே போய்விடும். ஆகவே பால் குறையும். பால் குறைந்தால் வருமானமும் குறையும். உங்கள் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் என்றால், இலை கொட்டும் மாதங்களில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இல்லாத அறிவியல் பாடம் அது.

புதிதாக வரும் ரப்பர் தளிரும் செம்பு நிறமாக இருக்கும். அங்கும் ஆந்தோசயனின்தான். மாமரத்திலும் இதைப் பார்க்கலாம். ‘மாந்தளிர் நிறம்’ என்று தமிழில் ஒரு நிறத்துக்கே பெயர் உண்டல்லவா? ஆக, சிவப்பு முதுமையின் அடையாளம் மட்டுமல்ல. இளந்தளிரும் விழப்போகும் இலையும் ஒரே நிறத்தைப் பூண்டுகொள்கின்றன.

செய்து பாருங்கள்

பள்ளி வளாகத்தில் பெருக்கிக் குவித்த இலைகளில் பச்சை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் எடுங்கள். தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பொடியாகக் கிள்ளிப் போட்டு, மூழ்கும்வரை மருந்தகத்தில் கிடைக்கும் ஆல்கஹால் ஊற்றுங்கள். குவளைகளை மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு காப்பி வடிதாளை நீளமாக நறுக்கி, நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். பச்சை இலையின் தாளில் மஞ்சளும் தெரிகிறதா? ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள்.

அடுத்த முறை பாதையில் போகும்போது ஒரு கெத்தாப்பாங் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். முந்தைய வாரங்களில் மழை பெய்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிந்ததும் அந்த மரத்தின் நாள்காட்டி உங்கள் கையில் இருக்கும்.

சிந்திக்க:
1. காற்றில் முறிந்த கிளையின் இலைகள் ஏன் உதிராமல் தொங்குகின்றன?
2. ஒரே பாதையில் இரண்டு கெத்தாப்பாங் மரங்கள் வெவ்வேறு மாதங்களில் சிவந்தால், என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?