பம்பு செட்டும் மின்சாரமும்: உழவர் அறிய வேண்டிய அடிப்படைகள்

களமருதூர், உளுந்தூர்பேட்டை வட்டாரங்களில் கரும்பும் நெல்லும் பயிரிடும் உழவர்களுக்குக் கிணற்று மோட்டார் இன்றியமையாத கருவியாகும். தமிழ்நாட்டில் உழவர்களுக்கு 1990 முதல் பம்பு செட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. மின்சாரத்திற்குக் காசு இல்லையே தவிர, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டக் காசு வேண்டும். அது தயாராகும் வரை பயிர் காய்வதும் நட்டமே. மோட்டார் ஏன் எரிகிறது, ஆள் ஏன் அடிபடுகிறார் என்பதை அறிந்து கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. வாய்க்காலில் நீர் பாய்ச்சத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

அழுத்தம், ஓட்டம், தடை

மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அந்த அளவு வேகத்துடன் நீர் இறங்கும். மின்சாரத்தில் இந்த உயரத்திற்கு ஒப்பானது மின் அழுத்தம். இதனை வோல்ட் என்று அளக்கிறோம். குழாயில் ஓடும் நீரின் அளவுக்கு ஒப்பானது மின்னோட்டம். இதன் அளவு ஆம்பியர். குழாய் சிறுத்தும் நீண்டும் இருந்தால் நீர் குறைவாக வருவதுபோல, கம்பி மெலிந்தும் நீண்டும் இருந்தால் தடை கூடும். தடையின் அளவு ஓம். ஓட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அழுத்தம் வரும். இந்த ஒரு கணக்கு போதும்.

ஓரிடத்தில் மட்டும் உவமை பொருந்தாது. வயலுக்குப் போன நீர் திரும்பி வர வேண்டியதில்லை. மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வர வழி இருந்தால்தான் ஓடும். இந்த வட்டப் பாதையே மின்சுற்று. சுவிட்சு என்பது அப்பாதையை வெட்டவும் சேர்க்கவும் உள்ள மடை.

மெல்லிய கம்பியின் விலை

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் 415 வோல்ட்டில் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 100 மீட்டர் தொலைவு என்று வைத்துக் கொள்வோம். செலவைக் குறைக்க 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி இழுத்தால், ஒவ்வொரு கம்பியிலும் தடை சுமார் 1.2 ஓம். ஓடும்போது 15 வோல்ட் வழியிலேயே கரையும். இது பெரிதல்ல. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். அப்போது 80, 90 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் திருகு விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மோட்டார் உறுமும், சுற்றாது. லைனில் வோல்டேஜ் இல்லை என்று நாம் குறை சொல்லுவோம். அதுவும் உண்மையாக இருக்கலாம். எனினும் முதலில் நமது கம்பியைப் பார்ப்பது நல்லது. இதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இருந்தால் ஓடும்போது இழப்பு 6 வோல்ட் அளவே.

காந்தம் எங்கிருந்து வந்தது?

மின்னோட்டம் உள்ள கம்பி, அருகிலுள்ள திசைகாட்டியின் முள்ளை அசைப்பதை 1820இல் டென்மார்க் நாட்டு ஆர்ஸ்டெட் கண்டார். பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். இரும்பு ஆணியில் உறையிட்ட மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, இரு முனைகளையும் டார்ச் பாட்டரியில் சில நொடிகள் சேர்த்தால் ஆணி குண்டூசிகளை இழுக்கும், எடுத்ததும் விட்டுவிடும். நீண்ட நேரம் சேர்த்து வைத்தால் கம்பி சுடும்.

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காயிலும் இந்த ஆணி போன்றதே. பச்சைப் பொத்தானை அழுத்தினால் அது காந்தமாகித் தொடுமுனைகளை இழுத்துப் பிடிக்கிறது. மின்சாரம் நின்றால் காந்தம் போய், வில் அதைத் தள்ளிவிடுகிறது.

காந்தப் புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் பாரடே கண்டறிந்தார். மோட்டார் ஓடுவது இதனால்தான். மூன்று முனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடுவதால் வெளிச்சுருள்களில் காந்தப் புலம் சுழல்கிறது. நடுவிலுள்ள உருளைக்கு எந்தக் கம்பி இணைப்பும் கிடையாது. அதன் உலோகத் தண்டுகளில் மின்சாரம் தானே பிறந்து, அந்தச் சுழற்சியின் பின்னால் ஓடுகிறது. இரு துருவ மோட்டாரில் புலம் நிமிடத்திற்கு 3000 முறை சுற்றும். உருளை சற்றுப் பிந்தி 2880 அளவில் சுற்றும். மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றினால் திசை மாறிவிடும். மின்மாற்றி பழுதுபார்த்த பின் திடீரென நீர் குறைவாக வந்தால், பம்பு தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு முனை போனால்

மூன்றில் ஒரு முனையின் பீஸ் போய்விட்டால் நின்றிருக்கும் மோட்டார் உறுமுமே தவிர சுற்றாது. ஓடிக் கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காது, அதுதான் ஆபத்து. மீதமுள்ள இரு கம்பிகளில் ஓட்டம் சுமார் 1.7 மடங்காகிறது. வெப்பம் ஓட்டத்தின் இருமடிப்படி ஏறுவதால் மூன்று மடங்காகும். ஸ்டார்ட்டர் ஏன் விழவில்லை எனக் கேட்கலாம். அதன் காயில் இரண்டு முனைகளுக்கு இடையில்தான் இணைக்கப்பட்டிருக்கும். போனது மூன்றாவது முனையானால் காயிலுக்குத் தெரியாது. ஆகவே ஒரு முனை தடுப்பான் பொருத்துவதும், ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வைப்பதும் அவசியம். அடிக்கடி விழுகிறது என்று ரிலேயின் அளவை ஏற்றி வைப்பது, காவல் நாயைக் கட்டிப் போடுவது போன்றது.

பீஸ் ஆளைக் காக்குமா?

காக்காது. மின்மாற்றியின் நியூட்ரல் நிலத்தில் புதைக்கப்பட்டுள்ளது. எனவே ஒரு முனைக் கம்பியைத் தொட்டுக் கொண்டு ஈரத் தரையில் நிற்பவர் உடல் வழியே மின்சுற்று நிறைவடைகிறது. நனைந்த உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் ஓட்டம் கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. உயிரைப் பறிக்க இது தாராளம். 15 ஆம்பியர் பீஸுக்கோ இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

காட்டுப் பன்றிக்காக வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் கொடுப்பது இதனாலேயே கொலைக்குச் சமமான செயலாகிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுவோர் படும் தொல்லை சிறிதல்ல. ஆயினும் அந்தக் கம்பி பன்றியையும், இரவில் மடை திருப்ப வரும் பக்கத்து வயல்காரரையும் வேறுபடுத்திப் பார்க்காது. இது சட்டப்படி குற்றமும் ஆகும். முறையான சூரிய மின்வேலியின் கருவி, நொடியில் மிகச் சிறிய பகுதி நேரமே நீடிக்கும் துடிப்புகளை இடைவெளி விட்டு அனுப்புகிறது. அதிர்ச்சி தரும், பிடித்து வைக்காது. அவ்வேலி அமைக்க விரும்புவோர் முதலில் வனத்துறையையும் வேளாண் பொறியியல் துறையையும் அணுகிக் கேட்க வேண்டும்.

மோட்டார் உடலில் கசியும் மின்சாரத்திற்கு எர்த் வழி வேண்டும். எர்த் குழி காய்ந்து தடை 30 ஓம் ஆகிவிட்டால் 230 வோல்ட்டில் ஏழரை ஆம்பியரே ஓடும். பீஸ் போகாது, மோட்டார் உடல் மின்சாரத்துடனேயே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் கசிவுத் தடுப்பானை உரிமம் பெற்ற கம்பியாளரைக் கொண்டு பொருத்திக் கொள்ளலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழியில் அவ்வப்போது ஒரு குடம் நீர் ஊற்றி, குழாயில் கம்பி சேரும் இடத்துத் துருவைச் சுரண்டி முடுக்கி வைக்கவும். இந்த வேலையை மெயினை நிறுத்திய பிறகே செய்ய வேண்டும்.