உயிரியற் கல்வியும் மாணாக்கர் சிந்தனைக் குறிப்பும்

தமிழாசிரியன் ஒருவன் உயிரியலைப்பற்றி எழுதப் புகுவது எல்லை கடந்த செயலென எமது கலாசாலையின் பழைய மாணவர் சிலர் கருதக்கூடும். அன்னோர் பொறுத்தருள்க. இலையின் உள்ளமைப்பையோ இதயத்தின் அறைகளையோ விளக்குதல் எமது நோக்கமன்று. உயிரியல் பயிலும் மாணாக்கன் தான் கற்றதைப்பற்றித் தனக்குத்தானே எழுதிப் பார்ப்பதனால் விளையும் பயனை நேரிற் கண்டோம். அதனையே இம்மலரிற் கூற விழைந்தோம்.

சில ஆண்டுகளின் முன்னர், யாம் கற்பித்த ஒரு பாடசாலையில், உயர்தர வகுப்பின் உயிரியலாசிரியர் தம் மாணாக்கரின் செய்முறைக் கொப்பிகளைக் கட்டாக எம்மிடம் கொண்டுவந்தார். “பிள்ளைகளுக்கு விடயம் தெரியும். வசனம் அமைக்கத்தான் தெரியவில்லை. ஒருமுறை பாருங்கள், மாஸ்ரர்” என்றார்.

பார்த்தோம். செவ்வரத்தை இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடி, வெயிலில் வைத்து, பின்னர் மாப்பொருளுக்குச் சோதிக்கும் பழகிய பரிசோதனை அது. இலை கொய்யப்பட்டது, கொதிநீரில் இடப்பட்டது, மதுசாரத்தில் இட்டுப் பச்சையம் நீக்கப்பட்டது, அயடீன் சேர்க்கப்பட்டது, மூடப்படாத பகுதியிற் கருநீல நிறம் அவதானிக்கப்பட்டது. எல்லாக் கொப்பிகளிலும் இவையே வசனங்கள். வசனத்திற் பிழையில்லை. ஆனால் எல்லாம் செயப்பாட்டுவினை! இலக்கணம் படிப்பிப்பவனுக்கு, அவதானித்தவன் யார் என்னும் வினா எழுதல் இயல்பு. விஞ்ஞான அறிக்கைக்கு அந்நடை பொருந்தும் என்பதை யாம் மறுத்திலேம். எனினும், கற்பவன் எங்கேனும் ஓரிடத்திலாவது “நான்” என்று எழுதவேண்டாமா?

இதனை அவ்வாசிரியரிடம் கூறினோம். அவர் சிரித்தாரேனும் தட்டிவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடத்தை ஒதுக்கினார். தனியான ஒரு மெல்லிய கொப்பி, மூன்று வினாக்கள். இப்பாடத்தின் முன் நான் யாது நினைத்திருந்தேன்? நான் கண்டதில் அந்நினைவோடு பொருந்தியதும் பொருந்தாததும் எவை? இன்னும் விளங்காதது யாது? பயிற்சிக் கலாசாலையிற் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. அனுபவம் மட்டும் கல்வியாகாது, அதனை மீட்டு எண்ணிப்பார்த்தலே கல்வியாகும் என்னுங் கருத்தை யோன் டூயி 1910இல் வெளிவந்த தமது நூலில் விரித்துள்ளார். எழுதுதல் தானே ஒரு கற்கும் முறை என்பதை யனெற் எமிக் என்னும் அம்மையார் 1977இல் ஒரு கட்டுரையில் நிறுவ முயன்றார்.

முதல் வாரம் ஆசிரியர் முற்றத்து வேம்பைக் காட்டி, “இவ்வளவு பெரிய அடிமரத்தின் எடை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டு எழுதச் சொன்னார். ஒளித்தொகுப்பின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதத்தக்க வகுப்பு அது. ஆயினும், மண்ணிலிருந்து வந்தது என்றே மிகப் பலர் எழுதினர். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுதியது மறக்கத்தக்கதன்று: “ஐயா குழை தாழ்த்து எருப் போடுகிறார், பயிர் கொழுக்கிறது. ஆகவே எருதான் பயிராகிறது. சமன்பாடு சோதனைக்கு உரியது.”

அப்பிள்ளையை நகைத்தற்கு எமக்கு உரிமையில்லை. “மரங்களின் பயன்” என்னும் கட்டுரையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி எழுதுவித்த யாமும் மரம் மண்ணையுண்டு வளர்கிறதென்றே நம்பியிருந்தோம். 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கல்விப் படத்திலே, பேர்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளிடம் ஒரு விதையையும் மரத்துண்டையும் கொடுத்து இவ்வினாவையே கேட்டனர். அவர்களிற் பலரும் மண், நீர் என்றே விடை கூறினர். காற்றிலிருந்து எடை வரும் என்பதை நம்பத் தயங்கினர்.

அடுத்த பாடத்தில் வான் எல்மொண்டின் கதை வந்தது. அவர் 200 இறாத்தல் உலர்மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் வார்த்தார். மரம் ஏறத்தாழ 169 இறாத்தலாயிற்று. மண்ணிற் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சே. ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆயது என்று முடிவு செய்தார். அவர் இறந்தபின், 1648இல் அது நூலாக வெளிவந்தது. இதிலொரு வியப்புண்டு. கரி எரியும்போது வெளிவரும் வாயுவை ஆராய்ந்தவரும், “வாயு” என்று நாம் வழங்கும் பொருளுக்கு மேனாட்டு மொழிகளிற் பெயர் படைத்தவரும் அவரே. காபனீரொட்சைட்டைக் கையில் வைத்திருந்தும் அதனை மரத்தோடு இணைத்திலர்!

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி காபன். அது காற்றிலிருந்து பெறப்பட்டது. இதனை ஆசிரியர் விளக்கிய வாரத்தில், அத்தோட்டக்காரர் பிள்ளை எழுதினான்: “எங்கள் அடுப்பில் ஒரு கட்டு விறகு எரிந்தால் ஒரு சிரங்கை சாம்பல்தான் மிஞ்சும். மண் கொடுத்தது அச்சாம்பல் அளவுதானா? அப்படியானால் எரு எதற்கு?” சாம்பலைப்பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் கூறவில்லை, அதனை அவன் தன் வீட்டு அடுப்பிலிருந்தே கண்டெடுத்தான். எருவின் நைதரசன் இன்றேல் புரதம் இல்லை, மகனீசியம் இன்றேற் பச்சையம் இல்லை என்னும் அடுத்த பாடத்துக்கு அவன் வினாவே வாயிலாயிற்று.

இங்கே எமது பிழையையும் சொல்லவேண்டும். அக்குறிப்பிலே “எரு” என்பதை “எறு” என்றும், “சாம்பல்” என்பதைச் “சாம்பள்” என்றும் எழுதியிருந்தான். யாம் பழக்கத்தினாற் சிவப்பு மையெடுத்துப் பக்கமெங்கும் திருத்தினோம். மறு வாரம் அவன் எழுதியது இரண்டே வசனம்: “பாடம் நன்றாக விளங்கியது. ஐயம் ஒன்றும் இல்லை.” அவன் மீண்டும் மனந்திறந்து எழுத ஒரு தவணை சென்றது. அன்றுதொட்டு அக்கொப்பியில் சிவப்பு மையில்லை, புள்ளியில்லை. ஆசிரியர் பென்சிலால் ஒரு வினா மட்டும் எழுதுவார். எழுத்துப்பிழையை யாம் வேறு பாடவேளையிற் கவனித்துக்கொண்டோம்.

எழுதுவோர் எல்லாரும் சிந்திக்கிறார் என்று சொல்லோம். “இன்றைய பாடம் மிக இனிமை” என்று ஆசிரியரைக் குளிர்விக்கும் பக்கங்கள் பல வந்தன, அவற்றாற் பயனில்லை. கலங்களின் பகுதிகளையும் நொதியங்களின் பெயர்களையும் நெட்டுருச் செய்தே ஆகவேண்டும். அதற்கு இக்குறிப்பு ஈடாகாது. சோதனை நெருங்குகையில் பத்து நிமிடம் பெரிதென்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் தனியார் வகுப்பிலே ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் குறிப்புக்கு எத்தனை மணி போகிறதென்பதையும் அவர்கள் கணக்கிடல் வேண்டும். தன் கொள்கைக்கு மாறான செய்தி எதனைக் கண்டாலும் சார்ள்ஸ் டார்வின் உடனே குறித்துக்கொள்வாராம். இசைவானவற்றினும் அத்தகையவை விரைவில் மறந்துபோம் என்பதே அவர் தம் வரலாற்றிற் கூறுங் காரணம். எம் மாணாக்கரின் இரண்டாம் வினாவும் அதுவே.

அப்பிள்ளையின் கொப்பி எம்மிடம் உள்ளது. இறுதிப் பக்கத்தில், “இரவில் ஒளி இல்லை, ஆனால் சுவாசம் உண்டு. அப்படியானால் விடியும்போது மரம் எடை குறைந்திருக்குமா?” என்று எழுதியிருக்கிறான். அதன் கீழே, உயிரியலாசிரியரின் பென்சில் எழுத்து: “நீரின் எடையை எப்படி நீக்குவாய்?”