சுமை வண்டியின் டீசல் கணக்கு: சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

விளைபொருளையும் நெய்த துணியையும் சந்தைக்குக் கொண்டு செல்வதற்குச் சங்கமே சொந்தமாக ஒரு சுமை வண்டி வாங்கலாமா என்ற கேள்வி எழுமானால், அதனோடு இரண்டாவது கேள்வி ஒன்றும் உடன் எழும். எந்த வண்டியை வாங்குவது? பொதுக்குழுவில் ஒருவர் ஒரு வண்டியின் பெயரைச் சொல்வார்; மற்றொருவர் வேறொன்றைச் சொல்வார். தம் உறவினர் வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடுவதாக ஒருவர் சாதிப்பார். இவ்வாறு வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்தால், அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணம் வீணாகக்கூடும். ஆகவே, டீசல் சுமை வண்டிகளை எவ்வாறு ஒப்பிட்டு அறிவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், அரசினர் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிடுவதில்லை. முதலில் பார்களில் முக்குளிப்போரை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பர். அவற்றைக் கழுவிக் கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவர். குளிப்பு கட்டுபடியாகும் என்று கணக்குக் காட்டிய பின்னரே அறிவிப்பு வெளியாகும். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின்னர் அத்தொழில் நின்றுபோயிற்று. ஆயினும், மாதிரி எடுத்து மதிப்பிட்ட பிறகே முதலை இறக்குவது என்ற அம்முறை நமக்கு இன்றும் வழிகாட்டும்.

1. டீசல் இயந்திரம் சிக்கனமாவது எதனால்?

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் 1893-இல் தம் கருத்துக்குக் காப்புரிமை பெற்று, 1897-இல் வெற்றிகரமாக இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்து, மின்பொறியால் தீப்பற்றுகின்றன. டீசல் இயந்திரமோ காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதனை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகவோ, அதற்கும் குறைவாகவோ சுருக்குகிறது. இவ்வாறு அழுத்தப்பட்ட காற்றின் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றி எரிகிறது. அழுத்தம் மிகுதியாக இருப்பதால், எரிபொருளின் ஆற்றலில் மிகுதியான பங்கு வேலையாக மாறுகிறது. மேலும், டீசல் பெட்ரோலைவிடக் கனமானது. எனவே ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஆற்றலும் சற்று மிகுதி. சுமை இழுக்கும் வண்டிகளுக்கு டீசலை விரும்பியதற்கு இவையே காரணம்.

2. சாலையில் காணும் வண்டிகள்

2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. மக்கள் அதனைக் 'குட்டியானை' என்றே அழைக்கலாயினர். தொடக்கத்தில் அதன் டீசல் இயந்திரத்துக்கு இரண்டு சிலிண்டர்கள். கொள்ளளவு 702 கன சென்டிமீட்டர். ஆற்றல் 16 குதிரைச் சக்தி. முக்கால் டன் அளவுள்ள சுமைக்கு அது ஏற்றதாயிற்று. 2011-இல் அசோக் லேலண்டு, நிஸ்ஸான் கூட்டுறவில் 'தோஸ்த்' வந்தது. அதற்கு மூன்று சிலிண்டர்கள், சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளளவு. சுமை ஒன்றேகால் டன். மகேந்திராவின் 'பொலிரோ பிக்கப்' நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இயந்திரத்துடன் ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றும் வண்டியாக ஓடிவருகிறது.

இம்மூன்றையும் 'பிக்கப்' என்ற ஒரே பெயரால் அழைத்து, எது லிட்டருக்கு மிகுந்த தூரம் ஓடும் என்று கேட்பது தவறான கேள்வி. ஒரு கழுதையையும் ஒரு ஜோடி மாட்டையும் தீனிச் செலவால் மட்டும் ஒப்பிடுவதற்கு அது நிகர். எவ்வளவு சுமையை எத்தனை தூரம் கொண்டுசெல்ல எவ்வளவு டீசல் ஆயிற்று என்பதே சரியான கேள்வி.

3. ஒரு கணக்கு

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை பயிரிடுவோர் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வயலிலிருந்து சந்தைக்குப் போய்வர 60 கிலோமீட்டர். சிறிய வண்டி 750 கிலோ ஏற்றி, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடுகிறது. பெரிய வண்டி 1,500 கிலோ ஏற்றி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வெண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே.

வெட்டு மிகுந்த நாளில் 1,500 கிலோ வாழைத்தார் போகவேண்டும். சிறிய வண்டி இருமுறை செல்லும். 120 கிலோமீட்டருக்கு 6.67 லிட்டர் ஆகும். பெரிய வண்டி ஒருமுறை சென்று 5 லிட்டரில் முடித்துவிடும். ஆகவே பெரிய வண்டிக்கு 1.67 லிட்டர் மிச்சம்.

வெட்டுக் குறைந்த நாளில் 700 கிலோ மட்டுமே உண்டு. சிறிய வண்டிக்கு 3.33 லிட்டர் போதும். பெரிய வண்டிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ஆகும். ஆகவே சிறிய வண்டிக்கு 1.67 லிட்டர் மிச்சம்.

மாதத்தில் வண்டி 25 நாள் ஓடினால், அவற்றுள் 13 நாளேனும் முழுச் சுமை கிடைக்கும் சங்கத்துக்குப் பெரிய வண்டி டீசலில் லாபம். 12 நாளுக்குக் குறைந்தால் சிறிய வண்டியே லாபம். இரண்டாம் பயணத்துக்கு ஓட்டுநர் செலவிடும் நேரத்தையும் கூலியையும் சேர்த்தால் கணக்குப் பெரிய வண்டியின் பக்கம் இன்னும் சிறிது சாயும். எனவே, வண்டிக் கடைக்குச் செல்லுமுன் காரியதரிசி பார்க்கவேண்டியது சங்கத்தின் சென்ற ஆண்டுச் சரக்குப் பதிவேட்டையே.

நெசவாளர் சங்கத்துக்குக் கணக்கு வேறு. நூல் சிப்பம் கனமானது. இடம் குறைவாகக் கொள்ளும். நெய்த துணிக்கட்டோ எடை குறைந்து, இடம் மிகுதியாகக் கொள்ளும். ஆகவே அவர்கள் டன் கணக்கோடு தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

4. மைலேஜை அளக்கும் முறை

விளம்பரத்தில் காணும் எண் வேறு. நம் சாலையில் நம் சுமையோடு கிடைக்கும் எண் வேறு. ஆகவே, நாம் வாங்க நினைக்கும் வகை வண்டியை வைத்திருப்போரிடம் அனுமதி பெற்றோ, வாடகைக்கு அமர்த்தியோ அளந்து பார்ப்பது நலம். முறை வருமாறு:

முதலில் தொட்டி நிறைய டீசல் நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. வழக்கமான வேலைக்கு வண்டியை ஓட்டுக. மறுமுறை அதே பங்கில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மீண்டும் தொட்டி நிறைய நிரப்புக. நிரப்பிய லிட்டரே செலவான டீசல். இவ்வாறு ஐந்து முறையேனும் செய்தல் வேண்டும். ஒருமுறை அளந்த அளவு நம்பத்தக்கதன்று.

இங்கே பலரும் ஒரு பிழை செய்கின்றனர். முதல்முறை 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர். அதாவது லிட்டருக்கு 15. இரண்டாம் முறை 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், அதாவது 10. இவ்விரண்டின் சராசரி 12.5 என்று எழுதிவிடுகின்றனர். அது தவறு. மொத்தத் தூரம் 400. மொத்த டீசல் 30 லிட்டர். ஆகவே உண்மை அளவு 13.3. மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே முறை.

காற்றையும் மறத்தலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்றின் வலிமைக்குக் கயத்தாற்றுப் பக்கம் சுழலும் காற்றாலைகளே சான்று. அக்காலத்தில் திருநெல்வேலி நோக்கிச் செல்லும் வண்டி காற்றை எதிர்த்துச் செல்கிறது. திரும்புகையில் காற்றே துணை செய்கிறது. எனவே போக்கும் வரவும் சேர்த்தே அளக்கவேண்டும். வேகமும் அத்தகையதே. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆக வேகம் கூடினால், காற்றுத் தடை முக்கால் பங்குக்கு மேல் அதிகரிக்கிறது. டயரில் காற்றுக் குறைவு, மிகைச் சுமை, அடைபட்ட காற்று வடிகட்டி ஆகிய மூன்றும் டீசலை விழுங்கும். நல்ல வண்டியும் கெட்ட ஓட்டத்தால் கெட்ட பெயர் பெறும்.

5. நம்பகம் என்பது யாது?

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு வண்டிகளில், ஒன்று லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் மற்றொன்று 13 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். வேறுபாடு மாதத்துக்குச் சுமார் 13 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1,200 ரூபாய். இது சிறிய தொகையன்று. ஆனால் அந்த இரண்டாம் வண்டி பழுத்த தாரோடு ஒருநாள் வழியில் நின்றுவிட்டால் என்னாகும்? 1,500 கிலோவுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் விலை இறங்கினாலே 3,000 ரூபாய் நட்டம். மாற்று வண்டி வாடகை இதற்கு மேல். இரண்டரை மாதச் சிக்கனம் ஒரே நாளில் போயிற்று. அந்த நட்டம் சங்கத்தின் ஏட்டில் மட்டும் நிற்பதில்லை. அன்று தார் வெட்டிய அங்கத்தினரின் அடுப்பங்கரை வரை செல்லும்.

ஆகவே நம்பகத்தையும் எண்ணால் அளக்கவேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டப் பதிவேடு வைத்து, வழியில் நின்ற நாள், நின்ற காரணம், பழுதுபார்க்க ஆன நாள்கள், செலவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஓடிய மொத்தத் தூரத்தை நின்ற தடவைகளால் வகுத்தால், ஒரு தடங்கலுக்கும் மறு தடங்கலுக்கும் இடைப்பட்ட சராசரித் தூரம் கிடைக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிட இதனினும் தெளிவான அளவு வேறில்லை.

1-4-2020 முதல் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. புகையும் நச்சு வாயுவும் பெரிதும் குறைந்தன. நம் குழந்தைகளின் மூச்சுக்கு அது நன்மையே. ஆனால் வண்டியின் அமைப்பு நுட்பமாயிற்று. பழைய வண்டியைத் தெருமுனை மெக்கானிக் பிரித்து மாட்டிவிடுவார். புதிய வண்டியின் குறையைக் கண்டறியக் கணிப்பொறிக் கருவி வேண்டும். எனவே, பணிமனை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது, உதிரிப்பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் ஒப்பிடவேண்டிய பொருளாகும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி புதிய வண்டிகளில் உண்டு. புகைக்குழாய் நன்கு சூடேறினால்தான் அக்கரி எரிந்து தீரும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஊர்ந்து நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்து எச்சரித்தால், அலட்சியம் செய்யாமல், கையேட்டில் கண்டபடி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் ஓட்டுதல் வேண்டும்.

6. கடற்கரைக்குரிய எச்சரிக்கைகள்

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகுதியாக உப்பு விளைவது நம் தமிழ்நாட்டிலேயே. அதிலும் தூத்துக்குடியே முதன்மையானது. இவ்வூர்க் காற்றிலும் உப்பு. சாலைப் புழுதியிலும் உப்பு. அடிச்சட்டம், பிரேக் குழாய், மின்கம்பி இணைப்பு ஆகியவற்றை அது அரிக்கும். வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவவேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது நோய்க்கு மருந்தென்று நோயையே ஊட்டுவதாகும். பழைய வண்டி வாங்குவோர், அது முன்பு உப்போ மீனோ ஏற்றிய வண்டியா என்று விசாரித்து, அடியில் படுத்துப் பார்த்தே விலை பேசவேண்டும். மீன் ஏற்றிய தொட்டியில் துணிக்கட்டை ஏற்றலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

டீசலில் நீர் கலந்தால் நுண்ணிய பீய்ச்சு குழல்கள் கெடும். வடிகட்டியின் அடியில் தங்கும் நீரைக் குறித்த காலத்தில் வடித்துவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறக்கவியலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தீவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் முழுகிய வண்டியை, நீர் வடிந்தவுடன் சாவி திருப்பிப் பார்க்கும் ஆவல் யாருக்கும் எழும். அது பெருந்தவறு. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் இருக்கையில் இயந்திரத்தைச் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளைந்து, இயந்திரமே பாழாகும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று, நீரையும் எண்ணெயையும் வடித்த பின்னரே இயக்கவேண்டும்.

7. முடிவு செய்யும் முறை

நிர்வாகக் குழு ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதட்டும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆகும் டீசல், தடங்கலுக்கு இடைப்பட்ட தூரம், பணிமனைக்குள்ள தூரம், ஆண்டொன்றுக்குக் கடன் தவணை, காப்பீடு, தேய்மானம் உள்ளிட்ட நிலையான செலவு. ஒவ்வொரு வண்டிக்கும் இந்நான்கையும் நிரப்பிப் பொதுக்குழுவின் முன் வைத்தால், வாக்குவாதம் குறையும், உண்மை விளங்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிடினும் நிலையான செலவு நிற்காது. ஆகவே மாதத்தில் பத்து நாளுக்குக்கூட வேலையில்லாத சங்கம், தனியே வண்டி வாங்குவதைவிட அண்டைச் சங்கத்தோடு கூடி வாங்குவதோ, வாடகை வண்டியையே தொடர்வதோ நன்று. வாங்காமல் இருப்பதும் சில வேளை நல்ல முடிவே. ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முதியோர் வாக்கு.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. முதல் தொட்டி 20 லிட்டருக்கு 240 கிலோமீட்டரும், இரண்டாம் தொட்டி 24 லிட்டருக்கு 360 கிலோமீட்டரும் ஓடின. உண்மை மைலேஜ் யாது? (விடை: ஏறக்குறைய 13.6)

2. நம் சங்கத்தில் சென்ற ஆண்டு முழுச் சுமை கிடைத்த நாள்கள் எத்தனை?

3. வாடகை வண்டி வராததாலோ வழியில் நின்றதாலோ சென்ற ஆண்டு அங்கத்தினர்க்கு ஏற்பட்ட நட்டம் எவ்வளவு?

4. நம் ஊரிலிருந்து மிக அருகிலுள்ள பணிமனை எத்தனை கிலோமீட்டர்?

இந்நான்குக்கும் ஏட்டைப் பார்த்து விடை கூறக்கூடிய சங்கம், எந்த வண்டியை வாங்குவது என்று பிறரைக் கேட்கவேண்டிய தேவை இராது.