ஏழாம் மாதத்துச் சர்க்கரை

சித்தூர்ப் பக்கம் கரும்பு விளையும். வெல்லம் காய்ச்சுவார்கள். கோடை வந்தால் மாம்பழம் லாரி லாரியாகப் போகும். நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த வீடுகளில் ஒரு பெண் கர்ப்பமானால் என்ன நடக்கும்? "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்மா" என்று மாமியார் தட்டை நிரப்புவார். ஏழாம் மாதம் சீமந்தம் வரும். கை நிறைய வளையல் போடுவார்கள். லட்டும் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் வைப்பார்கள்.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கர்ப்பிணியின் உடம்பில் ஒரு மாற்றம் வலுக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பல நேரம் கர்ப்பிணிக்கே தெரியாது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. ஹார்மோன்கள் செய்யும் வேலை இது.

ஹார்மோன் என்றால் என்ன?

ஊரில் தண்டோரா போடுவார்கள். "வரி பாக்கி உள்ளவர்கள் நாளைக்குள் கட்ட வேண்டும்" என்று சொல்வார்கள். அது ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் வரி பாக்கி உள்ளவர் மட்டும்தான் ஓடுவார். ஹார்மோனும் அப்படித்தான். உடலின் ஓர் இடத்தில் சுரக்கும். இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். யாருக்குச் சேதியோ, அந்த உறுப்பு மட்டும் வேலை செய்யும்.

கரு தங்கியதும் ஒரு புது ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரிலும் வரும். கடையில் விற்கும் பட்டையில் சிறுநீர் விட்டுப் பார்க்கிறார்களே, அந்தப் பட்டை இந்த ஹார்மோனைத்தான் கண்டுபிடிக்கிறது.

பிறகு கருப்பையில் நஞ்சுக்கொடி வளர்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மட்டும் அதன் வேலை இல்லை. அதுவே ஒரு பெரிய ஹார்மோன் பட்டறை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கருப்பையை அமைதியாக வைக்கிறது. அது குடலையும் சோம்பலாக்கிவிடுகிறது. அதனால் நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வருகின்றன. சிலருக்கு முகத்தில் மங்கு படர்வதும் ஹார்மோனால்தான். "முகம் கறுத்திருக்கு, ஆம்பளப் பிள்ளைதான்" என்று சொல்வார்கள். மங்குக்கும் ஆண், பெண்ணுக்கும் தொடர்பே இல்லை.

மசக்கை வாந்திக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் முக்கியக் காரணம். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆகவே வாந்தி எடுக்கும் மருமகளை "நடிக்கிறா" என்று சொல்வது தவறு. குடித்த தண்ணீர் கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அதை உடம்பின் தசைகளுக்குள் அனுப்புவது இன்சுலின். இதுவும் ஒரு ஹார்மோன்தான். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையத்தில் சுரக்கிறது.

ஏரி பாசனத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. மேல் வயலின் மடையைக் கொஞ்சம் அடைத்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும். நஞ்சுக்கொடி அதைத்தான் செய்கிறது. அதன் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. தாயின் தசைக்குப் போகும் சர்க்கரை குறைகிறது. இரத்தத்தில் அது கூடுதல் நேரம் நிற்கிறது. குழந்தைக்குப் பங்கு கிடைக்கிறது. இது நோய் இல்லை. குழந்தை வளர இயற்கை செய்த ஏற்பாடு.

நஞ்சுக்கொடி பெரிதாகப் பெரிதாக இந்த ஹார்மோன்களும் கூடும். அதைச் சமாளிக்கத் தாயின் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கும். பெரும்பாலான பெண்களுக்கு இது சரியாகிவிடும். சிலருடைய கணையத்தால் முடியாது. அப்போது வாய்க்கால் நிரம்பி வழிகிறது. இதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

தாயின் சர்க்கரை குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. குழந்தையின் கணையம் தானே கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. "கொழுகொழுன்னு இருக்கு" என்று வீட்டார் மகிழலாம். ஆனால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். தொப்புள்கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகும். குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தாகலாம். தாய்க்கும் இரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம்.

சோதனை எப்படி?

சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை வேண்டும், அது எளிதாகவும் இருக்க வேண்டும் என்றார். அவர் வலியுறுத்திய முறையையே 2014-ல் இந்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டியாக வெளியிட்டது.

75 கிராம் குளுக்கோஸ். அதை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

"நர்சம்மா, வெறும் வயித்தோட வரணுமா?" என்று பல பெண்கள் கேட்பார்கள். வேண்டாம். இந்தச் சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம். காலையில் பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மட்டும் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒரு சோதனை. அதில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் ஒன்று. இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "போன தடவையே பாத்தாச்சே" என்கிறார்கள். போன தடவை நஞ்சுக்கொடி சிறியது. இப்போது பெரியது. சீமந்தத்துக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் நாள் குறித்துவிடலாம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறது.

சர்க்கரை இருந்தால்?

பயப்பட வேண்டாம். பட்டினியும் கிடக்க வேண்டாம். பலருக்குச் சாப்பாட்டை மாற்றினாலே போதும். சோற்றைக் குறைத்து, பருப்பு, கீரை, காய், முட்டையைக் கூட்ட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். வெல்லம் சர்க்கரையைவிட நல்லது என்பது இந்த விஷயத்தில் செல்லாது. அதுவும் சர்க்கரையை ஏற்றும். ராகிக் களி நல்லதுதான். அதற்காக உருண்டை உருண்டையாகச் சாப்பிடக் கூடாது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தினமும் நடக்கலாம்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் குறையவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தருவார்கள். "ஊசி போட்டா பிள்ளைக்குப் பழகிடும்" என்று சிலர் தடுப்பார்கள். அப்படி இல்லை. ஊசியில் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவது அரிது.

இவர்களுக்குப் பிரசவம் வீட்டில் கூடாது. ஆபரேஷன் வசதியும் பச்சிளங் குழந்தை வார்டும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட எல்லை நோயாளியைத் தடுக்காது. அவசரத்துக்கு 108.

பிரசவ வலியை உண்டாக்குவதும் ஒரு ஹார்மோன்தான். அதன் பெயர் ஆக்சிடோசின். எருமை பால் விடச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் ஊசியும் இதுவே. வலி சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் யாரையாவது வைத்து இந்த ஊசியைப் போட்டால் கருப்பையே கிழிந்துபோகலாம். ஆஸ்பத்திரியில், குழந்தை பிறந்த பிறகு இரத்தப்போக்கைத் தடுக்க இதே ஊசியைப் போடுகிறார்கள். அப்போது அது உயிர் காக்கும்.

நஞ்சு வெளியே வந்ததும் பட்டறை மூடப்படுகிறது. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. அதனால் பால் சுரக்கிறது. சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வரலாம். இரண்டு வாரம் தாண்டியும் அது நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி சர்க்கரைச் சோதனை உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆறாம் வாரத்தில்தான் குழந்தைக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். அன்றைக்கே தாயும் இரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். பஸ் செலவு ஒரு தடவையோடு போகும்.