அகத்தியரைத் தேடி வந்த காட்சி, நம்ம வீட்டுக்கு வந்த முருகன்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

பாபநாசம் தல வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். கயிலாயத்தில் சிவன் பார்வதி திருமணம். எல்லாரும் அங்கே கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. பூமியைச் சமன் செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார் ஈசன். கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போன அவருக்கு, தாமிரபரணிக் கரையிலேயே வந்து திருமணக் கோலம் காட்டினார்.

வர முடியாதவரைத் தேடி காட்சி வந்தது. இதே வேலையை நம்ம தென்மாவட்டங்களில் அச்சு இயந்திரமும் செஞ்சிருக்கு.

ஒரு காலத்தில் கோயிலுக்குள் எல்லாரும் போக முடியாது. கமுதி கோயிலில் நுழைந்த நாடார்கள் மேல் வழக்கு போட்டாங்க. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவங்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-ல்தான். அதுவரை எத்தனையோ பேருக்கு மூலவர் முகமே தெரியாது.

இதுக்கு நடுவில்தான் சாமி படம் வந்தது. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் லித்தோ அச்சகம் ஆரம்பிச்சார். லித்தோ என்றால் கல் அச்சு. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, மை தடவுவாங்க. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது இல்லையா? அதனால் கோட்டில் மட்டும் மை பிடிக்கும். நிறத்துக்கு ஒரு கல். அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியம் இப்படித்தான் சாதாரண வீட்டுக்கு வந்தது.

அப்புறம் நம்ம பக்கம். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. லேபிள் அடிக்க அச்சகம் வந்தது, பிறகு காலண்டர். அந்த அச்சகங்களில் பலவற்றை நடத்தியது, ஒரு காலத்தில் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட அதே சமூகத்தார்தான்! படம் வரைந்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் சீடர்களும் வரைந்த முருகன், மீனாட்சி கல்யாணம் எல்லாம் கடைகளிலும் வீடுகளிலும் மாட்டப்பட்டன.

அந்தப் படம் பாடமும் சொல்லிக் கொடுத்தது. ஆறுமுகம், பன்னிரு கை, வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் இதைப் படத்தைப் பார்த்தே பேரப்பிள்ளைக்குச் சொன்னாங்க.

ஒண்ணு மட்டும் மறக்க வேண்டாம். வீட்டில் படம் இருக்கு என்பதற்காகக் கோயில் கதவு தானா திறக்கலை. அதுக்குத் தனியா போராட வேண்டியிருந்தது. ஆனால் 'இவனும் என் சாமிதான்' என்ற உரிமை, சந்தனம் குங்குமம் வைத்த அந்தக் காலண்டர் படத்துக்கு முன்னாலும் வளர்ந்தது.

இன்னைக்கு முருகன் நம்ம போன் வால்பேப்பரில் இருக்கார். ஒரு நொடியில் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம் செய்வோம்: படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருந்தால் வெட்டாமல் அனுப்புவோம். வீட்டில் பழைய படம் இருந்தால் தூக்கிப் போடும் முன் கீழ் மூலையைப் பாருங்க. கொண்டையராஜு பெயர் இருக்கலாம்.

ஓம் சரவணபவ 🙏