கூலிக்காரருக்கு ஏது ஆவணம்?

நம்பிக்கை: ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும்தான் சரித்திரம். கூலிக்குப் போன கொள்ளுத்தாத்தாவைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணனைவிட, கப்பலேறிப் போன தம்பியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஆளுக்கு ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம்.

இது அக்கறையால் எழுதிய கணக்கு இல்லை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனவர் தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளை அடையாளம் கண்டு பிடித்துவர வேண்டும், அதற்காக எழுதியது. ஆனாலும் முழங்காலில் ஒரு தழும்பு என்று குமாஸ்தா கிறுக்கிய அந்த ஒரு வரிதான் இன்று பேத்திக்குக் கிடைக்கும் ஒரே உருவப்படம். சிறுவயதில் எந்த வரப்பில் விழுந்தாரோ, எந்த அரிவாள் பட்டதோ! அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா எழுந்து போக என்னால் முடிவதில்லை. இதேபோலக் கூலிகள் போன மொரீஷியஸில் 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். அந்தக் குடியேற்றப் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். கூலிகளின் விவகாரங்களைக் கவனிக்க நேட்டாலில் ‘புரொடெக்டர்’ என்றொரு அதிகாரி இருந்தார். அடி, உதை, கூலி பாக்கி என்று அவரிடம் போன புகார்களும் கோப்பாகின. 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர், முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றார். வேறு முதலாளியிடம் அவரை மாற்ற ஏற்பாடானது. காந்தி எழுதியதால் நமக்குப் பாலசுந்தரத்தைத் தெரியும். காந்தி பார்க்காதவர்கள் அந்தக் கோப்புகளில்தான் பேசுகிறார்கள்.

நம்பிக்கை: சர்க்கார் ஏட்டில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும்.

வயதை நம்பவே வேண்டாம். கிழவர் என்று தள்ளிவிடுவார்களோ என்று குறைத்துச் சொன்னவர்கள் உண்டு. பார்வைக்கு 20, 25, 30 என்று முழு எண்ணாகப் போட்ட குமாஸ்தாக்களும் உண்டு. சாதியை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் இருந்தார்கள். கப்பலேறுவதே அதைக் கழற்றிப் போட ஒரு வாய்ப்பு என்று நினைத்திருந்தால் அதில் தவறென்ன? பெயரோ, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. முனுசாமி என்ற ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டு வரும். கண்ணால் தேடுவதைவிட, வாய்விட்டுப் படித்துத் தேடினால் பலன் உண்டு.

நம்பிக்கை: தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் குடும்பப் பெயர் என்றால் அது சாதி, இல்லாவிட்டால் ஊர்.

படையாச்சி, மூட்லி (நம் முதலிதான்) என்று அப்படிச் சில உண்டு. ஆனால் நமக்குத் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக வரும், அங்கே அது பின்னால் ஒட்டிக்கொண்டது. பல குடும்பங்களில் முதலில் போனவரின் சொந்தப் பெயரே பரம்பரைப் பெயராகிவிட்டது. மூன்சாமி என்ற பெயரை நான்கு தலைமுறையாகச் சுமக்கும் வீட்டில், கப்பலேறியவர் வெறும் முனுசாமியாகவே இருந்திருக்கலாம்.

நம்பிக்கை: ஏட்டில் வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் தேடினால் போதும்.

1911-ல் சித்தூர் ஜில்லா உருவானபோது சித்தூர், சந்திரகிரி, பலமனேரி தாலுகாக்கள் வட ஆற்காட்டிலிருந்து அங்கே போயின. அதற்கு முந்தைய பட்டியல் என்றால் உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1989-ல் மிச்சமிருந்த மாவட்டமும் இரண்டானது. ஜில்லாவைவிடத் தாலுகா பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: எதுவும் கிடைக்காவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கும்.

இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பின் படிவங்களை 2022-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் அந்த வழி இல்லை. தனி ஆட்களின் விவரத்தை வெளியே காட்டக்கூடாது என்பது 1948-ம் வருடச் சட்டம். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம்பிக்கை: பெண்களின் பெயர் எங்கும் இராது.

பட்டாவில் பெரும்பாலும் இராதுதான். 1951–52 முதல் பொதுத்தேர்தலில், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடமாநிலத்தார், வாக்காளர் பட்டியலில் விடுபட்டார்கள். ஆனால் கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. தாத்தாவின் வரியோடு நிறுத்திவிட்டு ஆச்சியின் வரியைப் படிக்காமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: ஏட்டில் இல்லையென்றால் அவர் அங்கே இருந்ததில்லை.

இந்த ஒரு நம்பிக்கை லட்சக்கணக்கான குடும்பங்களைக் குலைத்திருக்கிறது. இலங்கை மலையகத்துக்கு ஆள் போனது கங்காணிகள் வழியாக. நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் எழுதியது போன்ற முழுக்கணக்கு அவர்களுக்கு இல்லை. இருந்தது ‘துண்டு’ – கங்காணியின் கூட்டம் மொத்தமும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று எழுதிய சீட்டு. பிறகு தோட்டத்துச் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. குழந்தை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறக்கும். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே பலர் வளர்ந்தார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனார் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. காட்டக் காகிதம் இல்லை. தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளியவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதியது.

அப்படி வந்தவர்களின் கையில் குடும்ப அட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் தகரப் பெட்டிக்கு அடியில் இன்னும் அதை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால், மடிப்பு கிழிவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அதில் உள்ள பெயர்களில் யார் யார் என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.